ஆடியில் பார்த்த வண்டி

போன ஆவணியில் மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் ஒரு செய்தி கிளம்பியது. தியாகராய நகரில் கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருக்கும் மாசிலாமணி, உயிரோடு இருக்கிற தன் நண்பர் ஜான்சனுக்குக் கருமாதிப் பத்திரிகை அடித்துவிட்டார் என்பதுதான் செய்தி. கீரை வாங்க வந்தவர்கள் கீரையோடு இதையும் வாங்கிப் போனார்கள். காலையில் குளத்தைச் சுற்றி நடக்கிறவர்கள் முதல் சுற்றில் "அடிக்கப்போறாராம்" என்றார்கள். மூன்றாவது சுற்றில் நூறு பத்திரிகை அச்சாகிவிட்டது. நடை முடிந்து காபி சாப்பிட உட்கார்ந்தபோது ஜான்சனுக்கே ஒன்று தபாலில் போய்ச் சேர்ந்திருந்தது.

இதை நம்ப இரண்டு தடைகள் இருந்தன. ஜான்சன் சாந்தோம் மாதா கோயிலுக்குப் போகிறவர். அவருக்குக் கருமாதி கிடையாது. இரண்டாவது தடை இன்னும் பலமானது. மாசிலாமணி கடையில் சாவுக்கு அச்சடிப்பதே இல்லை. கல்யாணம், காதுகுத்து, சீமந்தம், புதுமனை புகுவிழா, இதோடு சரி. தெரியாமல் வந்து கேட்கிறவர்களைத் தானே எழுந்து வாசல் வரை வந்து, அடுத்த தெருவிலுள்ள கடைக்கு வழி சொல்லி அனுப்புவார். சொந்தப் பெரியப்பா போனபோதே வெளியில் காசு கொடுத்து அடித்தவர். அப்படிப்பட்ட மனிதரின் கைக்குக் கறுப்பு மை எப்படி வந்தது என்று விசாரித்துக்கொண்டே போனால், விஷயம் சாவில் போய் முடியவில்லை. ஒரு காரில் போய் நிற்கிறது. அதுவும் அவர் வாங்காத காரில்.

அவர் வாங்கிய காரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும்.

மாசிலாமணிக்கு அறுபதைத் தொடப்போகிற வயது. கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் சொந்த வீடு. இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாயிற்று. மனைவி கோமளம் அரசாங்க ஆபீசில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். இப்போது கணவரைக் கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறார். பல வருஷங்களுக்கு முன் அடையாறு காந்தி நகரில் ஒரு பங்களாவுக்கு மாசிலாமணி பத்திரிகை மாதிரிகளை எடுத்துக்கொண்டு போயிருந்தார். அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணம் முடிந்த கையோடு வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்துவிட்டு அந்தக் குடும்பம் அமெரிக்கா போகவிருந்தது. கொல்லைப்புறக் கொட்டகையில் பழைய செய்தித்தாள் குவியலுக்குக் கீழே ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. தாள்களை விலக்கினார். கூரையில்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய, நீள மூக்கு வைத்த இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்று பெயர் சொன்னார்கள். மாசிலாமணிக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. வண்டி மனசில் நுழைந்துவிட்டது. இரும்பு விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து, அதைத் திரும்ப ஓடவைக்க இன்னொரு வண்டி வாங்குகிற செலவு செய்தார்.

ஜான்சன் அவருக்குக் கிடைத்தது அந்தச் சமயத்தில்தான். தங்கையின் கல்யாணப் பத்திரிகைக்குக் கடைக்கு வந்தவர், மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காரின் போட்டோவைப் பார்த்துவிட்டுப் பத்திரிகையை மறந்தார். நொச்சிக்குப்பத்து மீனவக் குடும்பம். இவர் கடலுக்குப் போகவில்லை. கடலில் வருவதை ஐஸ் போட்டு ஓட்டல்களுக்கு அனுப்புகிறார். இரண்டு வேன், ஒரு ஐஸ் கிடங்கு, மாசிலாமணியைவிட ஏழெட்டு வயது குறைவு. அன்று சாயங்காலமே வண்டியைப் பார்க்க வந்தார். அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வராமல் இருந்ததில்லை. விடியும் நேரத்தில் இரண்டு பேரும் சாந்தோம் வழியாகப் பெசன்ட் நகர் போய், இட்லி சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார்கள். மாசிலாமணி ஓட்டுவார். ஜான்சன் இடது சீட்டு. நின்றால் தள்ளுவது, யாராவது தொட்டால் அதட்டுவது, போலீஸ்காரர் கையைக் காட்டினால் இறங்கிப் பேசுவது எல்லாம் இடது சீட்டின் இலாகா.

கூரையில்லாத கார் வைத்துக்கொண்டு சென்னையில் வாழ்வது சாதாரணக் காரியம் இல்லை. மார்கழியில் மூன்று வாரம் சொர்க்கம். மீதி நாளில் வெயில். வெயில் விட்டால் மழை. மழையும் விட்டால் மெட்ரோ தூசி. ராதாகிருஷ்ணன் சாலையில் ஒரு முறை பக்கத்துத் தண்ணி லாரி திரும்பியபோது இரண்டு பேரும் உட்கார்ந்த இடத்திலேயே குளித்தார்கள். அன்றைக்குத்தான் ஜான்சன் முதன்முதலாகச் சொன்னார்: "அண்ணே, கூரை வெச்ச வண்டி ஒண்ணு கூட வேணும். இத்த மட்டும் வெச்சுக்கினு நாம இன்னா பண்றது?"

மாசிலாமணி எதையும் ஜோடியாகவே யோசிக்கிறவர். பத்திரிகைக்கு எந்தக் கவர், மெரூனுக்கு எந்தத் தங்கம் என்று முப்பது வருஷமாகப் பொருத்தம் பார்த்த கை. இரண்டாவது வண்டிக்கு ஒரு இலக்கணமே வகுத்துவிட்டார். முதல் வண்டிக்கு எது இல்லையோ அது இதற்கு இருக்க வேண்டும்: கூரை, கதவுக்கு ஒழுங்கான கண்ணாடி, நாலு பை வைக்கிற இடம். ஆனால் முதல் வண்டியை மட்டம் தட்டுகிற மாதிரி இருக்கக்கூடாது. அதே காலத்து வண்டியாக, அதே நாட்டு வண்டியாக இருக்க வேண்டும். நிறம் சிவப்பாக இருக்கக்கூடாது. சிவப்போடு சண்டை போடாத நிறமாக இருக்க வேண்டும். கோமளம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மூத்தாளுக்குப் புடிச்ச மாதிரி இளையாளா? நல்ல மனசுதான் உங்களுக்கு" என்றார்.

இலக்கணம் சரி. நாள்தான் வாய்க்கவில்லை. பத்திரிகைக் கடைக்காரனுக்கு வருஷத்தில் மூச்சு விட நேரம் கிடைப்பது ஆடியில். கல்யாணம் இல்லை, ஆர்டர் இல்லை, மெஷின் தூங்கும். ஆடி பிறந்ததும் மாசிலாமணியும் ஜான்சனும் வண்டி பார்க்கக் கிளம்புவார்கள். ஆனால் ஆடியில் நல்ல காரியத்துக்கு அட்வான்ஸ்கூடக் கொடுக்கமாட்டார் மாசிலாமணி. ஊருக்கே முகூர்த்தம் பார்த்து அச்சடிக்கிறவர், தன் காரியத்தில் அதை மீறுவாரா? "ஆவணியில் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வருவார். ஆவணி பிறந்தால் முகூர்த்தங்கள் வரிசை கட்டும். கடையை விட்டு நகர முடியாது. மூச்சு விடும்போது வண்டி போயிருக்கும். பார்க்க முடிகிற மாதத்தில் வாங்க முடியாது, வாங்க முடிகிற மாதத்தில் பார்க்க முடியாது. இதே சக்கரத்தில் பத்துப் பதினோரு ஆடி சுற்றினார்கள். அசோக் நகரில் பார்த்த வண்டியில் பூனை குட்டி போட்டிருந்தது. குட்டி கண் திறக்கட்டும் என்று உரிமையாளர் சொன்னதால் அந்த ஒரு வருஷம் மட்டும் தாமதத்துக்கு மாசிலாமணி பொறுப்பில்லை.

வெளியே உஸ்மான் சாலையில் ஆடித் தள்ளுபடிக்கு ஜனம் நெருக்கித் தள்ளும். ஊரே ஆடியில்தான் வாங்கும். கடைக்குள்ளே மாசிலாமணி மட்டும் காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

போன ஆடியில் அந்த வண்டி கிடைத்தது.

நந்தனத்தில் நஸ்ருன்னிசா என்ற அம்மாளின் வீடு. கணவர் தோல் வியாபாரம் செய்தவர், தவறிவிட்டார். வீட்டை பில்டருக்குக் கொடுத்துவிட்டு அந்த அம்மாள் ஆதம்பாக்கத்தில் மகள் சாய்மாவோடு போய் இருக்கப்போகிறார். மகள் வீட்டில் ஸ்கூட்டர் நிறுத்தவே இடம் போதாது. அதனால் கணவரின் கார் விலைக்கு வந்தது. எம்.ஜி. என்ற பழைய இங்கிலாந்து வண்டி. மேலே உறுதியான கூரை, பின்னால் தூக்கித் திறக்கிற கதவு, சிவப்பு வண்டிக்கு ஏறக்குறைய ஒரே வயசு. நிறம்தான் மாசிலாமணியை அடித்துப்போட்டது. அவர் அதைச் சந்தனம் என்றார். ஜான்சன் மோர்க்குழம்பு என்றார். எதுவாக இருந்தாலும் சிவப்புக்குப் பக்கத்தில் நிற்கவைத்தால் குங்குமமும் சந்தனமும்தான்.

மாசிலாமணி வண்டியைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து மூடினார். மூடுகிற சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது. திரும்ப ஒரு முறை மூடினார். வாசலில் இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது அவர் கண்ணில் தெரிந்தது. விலை பேசி முடிந்தது. அந்த அம்மாள் எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்டார். மாசிலாமணி, ஆவணி முதல் முகூர்த்தத்தில் வருகிறேன் என்றார். அதற்குள் வேறு யாராவது வந்தால் என்று அந்த அம்மாள் இழுத்ததும், தன் வார்த்தையை நம்பலாம், வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று மாசிலாமணி கைகூப்பினார். அட்வான்ஸ் கொடுக்கவில்லை. கொடுத்தது கைகூப்பு மட்டும்.

இந்த முறை வண்டியைத் தவறவிடக்கூடாது என்று ஒரு ஏற்பாடு செய்தார். தானே அடிக்கடி போய் நின்றால் ஆசை தெரிந்து விலை ஏறும். ஆகவே ஜான்சன் வாரம் ஒரு முறை நந்தனம் போய் வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, வேறு யாராவது பார்க்க வந்தார்களா என்று விசாரித்துவிட்டு வரவேண்டும். ஜான்சனும் போய்வந்துகொண்டிருந்தார். பதினெட்டாம் பெருக்கில் வாங்கினால் தோஷம் இல்லையே, அன்றைக்கே எடுத்துவிடுங்களேன் என்று கோமளம் சொல்லிப்பார்த்தார். மாசிலாமணி கேட்கவில்லை. ஆடி என்றால் ஆடிதான், அதில் ஓட்டை பார்க்கக்கூடாது என்றார்.

கையில் வேலை இல்லை. மெஷின் சும்மா நிற்கிறது. மனசு மட்டும் ஆவணிக்குப் போய்விட்டது. அப்படி உட்கார்ந்திருந்தவர் செய்த காரியம்தான் எல்லாவற்றையும் கவிழ்த்தது. வரப்போகிற வண்டிக்கு ஒரு பத்திரிகை தயார் செய்தார்.

முப்பது வருஷத் தொழிலில் மாசிலாமணி படித்த பாடம் மையைப் பற்றியதோ தாளைப் பற்றியதோ இல்லை. பெயரைப் பற்றியது. பத்திரிகையில் எழுத்துப்பிழை வந்தால் ஜனங்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். முகூர்த்த நேரம் தப்பாக வந்தால் போன் போட்டுச் சொல்லிக்கொள்ளலாம். ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனால் அந்தச் சித்தப்பாவின் பேரன் கல்யாணம் வரை பேச்சு நிற்கும். யார் மேலே, யார் கீழே என்று வாடிக்கையாளர்கள் கடையிலேயே முறைத்துக்கொள்ளும்போது அவர் கைவசம் ஒரு மருந்து வைத்திருந்தார். கடைசி வரியில் 'சுற்றமும் நட்பும்' என்று போட்டுவிடுங்கள் சார், ஊரே அதற்குள் அடங்கிவிடும் என்பார். அடங்கியும்விடும்.

பத்திரிகை அழகாக வந்திருந்தது. சந்தன நிற அட்டை, குங்கும நிற எழுத்து. 'நிகழும் மங்களகரமான விசுவாவசு வருஷம் ஆவணி மாதம், எங்கள் இல்லத்துக்கு எழுந்தருளும் இரண்டாவது வாகனத்தை வாழ்த்த' என்று தொடங்கியது. கீழே மாசிலாமணி, கோமளம், இரண்டு பெண்கள், இரண்டு மாப்பிள்ளைகள், அசோக் நகர் சகலை. ஆடிப்பெருக்குக்கு முதல் நாள் கடைப்பக்கம் வந்த ஜான்சனிடம் அதை எடுத்து நீட்டியவர் மாசிலாமணியே. எப்படி என்று புருவத்தை உயர்த்தினார். ஜான்சன் மேலேயிருந்து கீழே வரை படித்தார். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். கலர் நல்லாக் கீது என்றார். காபி குடித்துவிட்டுப் போனார். மாசிலாமணி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. மாசிலாமணி கோமளத்தோடு கோயிலுக்குப் போனார். ஜான்சன் நந்தனத்துக்குப் போனார்.

அடுத்த ஞாயிறுகளில் இட்லி சாப்பிடும்போது வண்டி எப்படி என்று மாசிலாமணி கேட்டதற்கெல்லாம், பத்திரமாக் கீது என்றார் ஜான்சன். ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தத்தன்று மாசிலாமணி கடையைப் பாதியில் விட்டுவிட்டு, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, ஆப்பிள், பூ, நாலு எலுமிச்சம்பழம் வைத்த தட்டோடு ஆட்டோவில் நந்தனம் போய் இறங்கினார். வண்டி நின்ற இடத்தில் தரை மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. நஸ்ருன்னிசா அம்மாள் வெளியே வந்து தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சார் இது? தம்பிதான் மூணாந்தேதி ஞாயித்துக்கிழமையே பணம் கொடுத்து எடுத்துட்டுப் போச்சே."

எந்தத் தம்பி என்று கேட்கிற அளவுக்கு மாசிலாமணி முட்டாள் இல்லை. ஆனாலும் கேட்டார். தெரியும் என்பதற்கும் காதால் கேட்பதற்கும் இடையில் கொஞ்ச நேரம் கிடைக்குமே என்றுதான்.

"உங்ககூட வந்த தம்பிதான். யார் எடுத்தா என்ன சார், ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே வந்தீங்க?"

அந்த அம்மாளுக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. உள்ளே வந்து டீ சாப்பிடச் சொன்னார். மாசிலாமணி தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் வந்த ஆட்டோவிலேயே திரும்ப ஏறினார். ஆட்டோக்காரர் எங்கே என்று கேட்டபோது சாந்தோம் என்றார். வழி முழுக்க ஒன்றே ஒன்றுதான் மனசில் ஓடியது: காவலுக்கு வைத்தது நான். வேறு யாரோ வாங்கியிருந்தால் ஏமாற்றம். ஏமாற்றம் அவருக்குப் பழகியது, ஆடிக்கு ஒன்று. இது அது இல்லை. தாம்பூலம் மாற்றப் போன வீட்டில், கூட வந்த தோழன் ஏற்கெனவே மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி.

ஜான்சனின் ஐஸ் கிடங்குக்கு முன்னால், மீன் வேனுக்கும் சுவருக்கும் நடுவில், பச்சை வலைக்குக் கீழே வண்டி நின்றது. சந்தனத்தின் மேல் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. ஜான்சன் லுங்கியோடு வெளியே வந்தார். தட்டைப் பார்த்ததும் முகம் ஒரு நொடி மாறி, திரும்பச் சரியானது.

"இன்னாணா, வெயில்ல நின்னுக்கினு. உள்ள வா."

"இது யாரு வண்டி?"

"என்துதான்."

அப்படி ஒரு பதிலை மாசிலாமணி எதிர்பார்க்கவில்லை. மழுப்புவார், உனக்காகத்தான் எடுத்துவைத்தேன் என்பார், குறைந்தது தலையைச் சொறிவார் என்று வழியெல்லாம் நினைத்திருந்தார். உனக்காகத்தான் என்று அவர் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அதுதான் இன்னும் வலித்தது.

"ஆவணி பொறக்கட்டும்னு உன்கிட்டதானேடா சொன்னேன்?"

"உனக்கு ஆவணி பொறக்கணும். எனக்கு இன்னாணா ஆடி, ஆவணி? ஊரே ஆடியில வாங்கிக்கினு கீது, நானும் வாங்கினேன். ஆடித் தள்ளுபடி கேட்டேன், அந்தம்மா சிரிச்சுக்கினே கொடுத்துச்சு."

மாசிலாமணிக்குத் தள்ளுபடி என்ற வார்த்தையில்தான் பொங்கியது. அவர் பேசி முடித்த விலைக்குக் கீழே வாங்கியிருக்கிறான். வாங்கிய நாள் எது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆடிப்பெருக்கு. ஜான்சனுக்கு அது தெரியாது, நஸ்ருன்னிசாவுக்கும் தெரியாது. இரண்டு பேருமாகச் சேர்ந்து தற்செயலாக நல்ல நாளில் வியாபாரத்தை முடித்திருக்கிறார்கள்.

மாசிலாமணி கொஞ்ச நேரம் சத்தம் போட்டார். கூடவே சுற்றியது, ஒரே தட்டில் இட்லி தின்றது, அவன் காய்ச்சலில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனது என்று எல்லாம் வந்தது. வேனில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் மெதுவாக ஏற்ற ஆரம்பித்தார்கள். ஜான்சன் எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கார்டு காட்டினியே, அதுல நான் எங்கணா கீறேன்?"

மாசிலாமணிக்குச் சட்டென்று புரியவில்லை.

"உன் பேரு கீது. அண்ணி பேரு கீது. மாப்பிள்ளைங்க பேரு கீது. உன் சகலை பேரு கீது, அவரு வண்டியத் தொட்டதுகூட இல்ல. நான் எங்க கீறேன்?"

"கீழதான்... சுற்றமும் நட்பும்."

"அதுல எத்தினி பேருணா கீறோம்?"

காகம் பறந்தது. மாசிலாமணி தன் தொழில் பாஷையில் ஒதுங்கப் பார்த்தார். அது ப்ரூஃப்தான், திருத்துவதற்காகத்தான் ப்ரூஃப் போடுவது என்றார். திருத்தினாயா என்று ஜான்சன் கேட்டார். திருத்தவில்லை. திருத்த வேண்டும் என்று தோன்றவே இல்லை. தோன்றாததற்கும் காரணம் இருந்தது. ஜான்சன் பெயரைப் போட்டால் சகலைக்கு மேலேயா கீழேயா என்ற கேள்வி வரும். அடுத்தவர்களுக்கு விற்ற மருந்தை, கை பழக்கத்தில், தானே குடித்துவிட்டார்.

ஆனால் அதை ஒப்புக்கொள்ளும் நிலையில் அவர் அன்று இல்லை. ஒப்புக்கொண்டால் கோபம் போய்விடும். வண்டி ஏற்கெனவே போயாயிற்று. கையில் மிச்சமிருந்தது கோபம் மட்டும்தான்.

"பேரு போடலைன்னா கல்யாணத்துக்கு வராம இருப்பாங்க ஜான்சா. பொண்ணையே தூக்கிக்கிட்டுப் போயிடுவாங்களா?"

  வேனிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள், ஜான்சன் போய்விட்டார். மாசிலாமணி எலுமிச்சம்பழத் தட்டோடு தெருவில் நின்றார். பிறகு நாலு பழத்தையும் அங்கேயே குப்பைத்தொட்டியில் போட்டார். ஆப்பிளைப் போட மனசு வரவில்லை.

கருமாதிப் பத்திரிகை விவகாரம் இதற்கு அடுத்தது. கடையில் அட்டை மடித்து நூல் கோக்கும் இசக்கியம்மாளிடம் கேட்டால் சொல்கிறார். முதலாளி மறுநாள் யாரோடும் பேசாமல் வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாராம். சுற்றிக் கறுப்புப் பட்டை போட்டாராம். நடுவில் ஜான்சன் பெயரைப் பெரிதாக, தனியாக, ஒரு வரி முழுக்கப் போட்டாராம். தங்க எழுத்தில் ஒரு தரம் மாற்றிப் பார்த்துவிட்டு, திரும்பக் கறுப்பாக்கினாராம். பிரிண்ட் கொடுக்கப் போனவர் காலண்டரைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில் கடையில் இப்படி ஒன்று அச்சாகக்கூடாது என்று அணைத்துவிட்டார். சனிக்கிழமை திரும்பத் திறக்கவில்லை. ஆக, நூறு இல்லை, பத்து இல்லை, ஒன்றுகூட அச்சாகவில்லை. இசக்கியம்மாள் பூக்காரம்மாவிடம் மட்டும்தான் சொன்னாராம். பூக்காரம்மா யாரிடமும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறார்.

ஆவணி முழுக்கச் சிவப்பு வண்டி உறையைக் கழற்றாமல் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாசிலாமணி எட்டு மணி வரை தூங்கினார், அல்லது தூங்குகிற மாதிரி படுத்திருந்தார். சாந்தோம் பக்கம் மோர்க்குழம்பு வண்டி ஞாயிறுதோறும் விடியற்காலையில் போகிறது என்று யாரோ வந்து சொன்னார்கள். கூட யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று மட்டும் கேட்டார். கவனிக்கவில்லை என்றார்கள்.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு, எலி உள்ளே குடும்பம் நடத்துவதற்குள் வண்டியை எடுத்து ஓட்டிவிட்டு வாருங்கள் என்று கோமளம் துரத்தினார். இத்தனை நாள் நின்ற வண்டி எப்படியோ கிளம்பிவிட்டது. தனியாகப் போனார். இடது சீட்டில் தண்ணி பாட்டில். லஸ் முனையில் மெட்ரோவுக்காகத் தெருவைத் தகரம் வைத்து மறித்த இடத்தில், ஒரு வண்டி மட்டும் போகிற சந்தில், எஞ்சின் நின்றது. சாவியைத் திருப்பினார். பேட்டரி ஒரு முனகலோடு அடங்கியது. பின்னால் மாநகரப் பேருந்து. அதற்குப் பின்னால் தண்ணி லாரி. அத்தனை ஹாரனும் அவர் பிடரியில்தான் விழுந்தது, கூரைதான் இல்லையே. தள்ள ஆள் இல்லை. நாலு பேர் போனில் படம் எடுத்தார்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து, மறிப்பின் வாயில், சந்தன நிறத்தில் ஒரு மூக்கு வந்து நின்றது. இடது சீட்டில் பெல்ட் போட்ட ஒரு தெர்மோகோல் மீன்பெட்டி. ஜான்சன் இறங்கினார். நின்ற வண்டியை ஒரு பார்வை பார்த்தார்.  திரும்ப ஏறி, தன் வண்டியை அங்குலம் அங்குலமாக முன்னே கொண்டுவந்து மூக்கோடு மூக்கு நிறுத்தினார். பின்கதவைத் தூக்கி ஒயரை எடுத்து, அந்த பேட்டரிக்கும் இந்த பேட்டரிக்கும் மாட்டினார். குங்குமமும் சந்தனமும் முதன்முதலாக ஒன்றாக நின்றன. பொருத்தம் மாசிலாமணி கணக்குப் போட்டதைவிட நன்றாகவே இருந்தது. ஸ்கூட்டரில் இருந்த ஒரு கல்லூரிப் பெண், "அங்கிள், ரெண்டும் உங்களுதா? செம ஜோடி" என்று கேட்டுவிட்டுப் படம் எடுத்தாள். இரண்டு பேரும் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிவப்பு வண்டி இருமி, பிடித்துக்கொண்டது.

"வூட்டாண்ட போற வரைக்கும் ஆஃப் பண்ணாத" என்றார் ஜான்சன். ஒயரைச் சுற்றி எடுத்துக்கொண்டு பின்வாங்கி வழிவிட்டார். அவ்வளவுதான்.

நன்றி என்ற வார்த்தை மாசிலாமணியின் தொண்டை வரை வந்ததாகவும், அங்கே வேறு ஒரு வார்த்தை ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததாகவும் கோமளம் சொல்கிறார். தன் வண்டியாக இருந்திருக்க வேண்டிய வண்டியின் பேட்டரியிலிருந்து இரண்டு நிமிஷக் கரண்ட் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அது அவருக்குச் செரிக்கவில்லை. பெட்ரோலாக இருந்தால் கேனில் திருப்பி அனுப்பலாம். கரண்டை எதில் ஊற்றி அனுப்புவது?

மறுநாளே ஜி.பி. ரோட்டு கார் உதிரிபாகக் கடைக்குப் போய் நல்ல செம்பு ஒயராகப் பார்த்து ஒரு ஜோடி வாங்கி டிக்கியில் போட்டார். இப்போதெல்லாம் ஞாயிறுதோறும் விடியற்காலையில் சாந்தோம் சாலையில், அந்த வண்டி போகிற நேரம் பார்த்து, அதற்கு நாலு வண்டி பின்னால், மெதுவாக ஓட்டிக்கொண்டு போகிறார். அது நின்றால் உதவுவதற்கா, நிற்பதைப் பார்ப்பதற்கா என்று கோமளம் கேட்டபோது, அவர் ஒயரைத் துடைத்துத் திரும்ப டிக்கியில் வைத்தார். எம்.ஜி. வண்டி இதுவரை ஒரு தடவைகூட நிற்கவில்லை.